மரப்படகைக் கரையேற்றுதலும் கொட்டகையில் காத்தலும்

(சங்க அங்கத்தினர்களுக்குரிய பாடம்)

மரப்படகு நீரில் ஓடும் காலத்தில் கெடுவது குறைவு. கரையில் கிடக்கும் காலத்தில் கெடுவதே அதிகம். இதைக் கேட்போர் முதலில் நம்பமாட்டார்கள். ஆனால் ஆராய்ந்து பார்த்தால் உண்மை விளங்கும். நீரில் இருக்கும்போது படகின் அடிப்பாகம் முழுவதையும் நீர் ஒரே சீராகத் தாங்குகிறது. ஓட்டுபவரின் கண்ணும் நாள்தோறும் அதன்மேல் இருக்கிறது. ஒழுக்கு ஒன்று தோன்றினால் அன்றைக்கே அடைபடுகிறது. கரைக்கு வந்த பின்னரோ படகின் பாரம் முழுவதும் இரண்டொரு கட்டைகளின்மேல் விழுகிறது. மழைநீர் உள்ளே தங்குகிறது. வெயில் ஒரு பக்கத்தை மட்டும் காய்ச்சுகிறது. கறையான் அடியிலிருந்து ஏறுகிறது. இவற்றையெல்லாம் பார்ப்பார் ஒருவரும் இல்லை.

தனி மனிதருக்குச் சொந்தமான படகுக்கே இந்நிலை நேருமாயின், சங்கத்துக்கோ ஊருக்கோ பொதுவான படகைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இப்போது கண்ணாடியிழைப் படகுகள் எங்கும் பெருகிவிட்டன. மரப்படகு கட்டும் தச்சர் குறைந்து வருகின்றனர். ஏற்ற மரமும் எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே, பழைய மரப்படகு ஒன்று கவனமின்றிக் கெட்டால், அதைப் போன்ற மற்றொன்றை அடைவது அரிது. அத்தகைய படகை ஆபத்தின்றிக் கரையேற்றி, கொட்டகையில் பழுதின்றி வைத்து, உரிய காலத்தில் மீண்டும் நீரில் இறக்கும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பம்பைக் கரையிலுள்ள ஏற்பாடு

பொதுப் படகைப் போற்றிக் காப்பதற்கு நல்லதோர் உதாரணம் கேரளத்தில் உள்ளது. பம்பையாற்றின் கரையிலுள்ள ஆறன்முளையில், ஓணத்தை அடுத்து வரும் உத்திரட்டாதி நாளன்று படகு விழா நடைபெறுகிறது. அதில் கலந்துகொள்ளும் நீண்ட படகுகளுக்குப் பள்ளியோடம் என்பது பெயர். ஆற்றின் இரு மருங்கிலுமுள்ள ஊர்ப் பகுதிகள் ‘கரை’ எனப்படும். ஒவ்வொரு பள்ளியோடமும் ஒரு கரைக்குச் சொந்தம். கரையின் பெயரே படகின் பெயர். இவ்வாறு சுமார் 50 பள்ளியோடங்கள் இருக்கின்றன. குட்டநாட்டுச் சுண்டன் வள்ளங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் 1952ஆம் ஆண்டு ஜவாஹர்லால் நேரு முன்னிலையில் நடந்த பந்தயத்துக்குப் பிறகு அவர் அளித்த வெள்ளிக் கோப்பைக்காக இன்றும் போட்டியிடுபவை அவ்வள்ளங்களே. அவற்றிற் பலவும் ஊரார் பணம் சேர்த்துச் செய்தவை.

இவற்றின் நீளம் 100 அடி முதல் 130 அடிக்கு மேலும் செல்லும். மரம், மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்றும் தமிழில் அயினி என்றும் வழங்குவது. விழா நடக்கும் சில வாரங்கள் நீங்கலாக, ஆண்டின் பெரும்பகுதியை இவை ஆற்றங்கரையில் தமக்கெனக் கட்டப்பட்ட நீண்ட கொட்டகைகளிலேயே கழிக்கின்றன. ஊர்த் தச்சர் ஆண்டுதோறும் பழுது பார்க்கிறார். மீனெண்ணெயுடன் சிரட்டைக்கரியும் முட்டையும் சேர்த்துப் பூசுவது பழைய வழக்கம். அதனால் மரம் உறுதி பெறுகிறது. நீரில் வழுக்கிச் செல்லும் தன்மையும் உண்டாகிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது யாதெனில், இக்கரையார் படகுக்குச் செலவிட்ட அக்கறையில் பெரும்பங்கு கொட்டகைக்கும் பராமரிப்புக்குமே செல்கிறது என்பதாம். படகைச் செய்வது ஒரு வருஷத்து வேலை. காப்பது ஒவ்வொரு வருஷத்து வேலை. மீன்பிடிச் சங்கத்துச் சிறு வள்ளத்துக்கும், துறைச் சங்கத்து ஓடத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

2. மரத்தின் இயல்பு

முறைகளை அறியுமுன் மரத்தின் இயல்பை அறிதல் அவசியம். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அகலத்தில் பெருக்கும்; உலரும்போது அகலத்தில் சுருங்கும். நீளவாட்டில் ஏற்படும் மாற்றம் மிகச் சொற்பம். 6 அங்குல அகலமுள்ள பலகை நூற்றுக்கு 2 பங்கு சுருங்கினால், அதன் இணைப்பில் 3 மில்லிமீட்டர் இடைவெளி உண்டாகும். பல பலகைகள் சேர்ந்த படகில் இத்தகைய இடைவெளிகள் வரிசையாகத் தோன்றும். மிகுதியாக உலர்ந்த படகு நீரில் இறக்கியவுடன் ஒழுகுவதன் காரணம் இதுவே.

மரத்தை உளுக்கச் செய்வது நீர் அன்று. ஈரத்தில் வளரும் பூஞ்சை. உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருந்தால் அப்பூஞ்சை வளராது. முழுதும் நீரில் மூழ்கிய மரத்திலும், காற்று புகாமையால், அது வளராது. முழு உலர்ச்சிக்கும் முழு நனைவுக்கும் இடைப்பட்ட நிலை, அதாவது ஈரமும் காற்றும் ஒருங்கே உள்ள நிலையே அதற்கு உகந்தது. கடல்நீரினும் மழைநீர் அதிகத் தீங்கு செய்யும். ஏனெனில் உப்பு பூஞ்சையைத் தடுக்கிறது. பலகை மூலைகளிலும், வங்குகளின் அடியிலும், தட்டுப்பலகைகளின் கீழும் தேங்கும் மழைநீரே படகின் முதற் பகைவன்.

ஆகவே கொட்டகையின் வேலை இரண்டு. ஒன்று, மழைநீரைத் தடுத்தல். மற்றொன்று, வெயிலையும் கடுங்காற்றையும் தடுத்து, மரம் மிதமாகவும் மெதுவாகவும் உலரச் செய்தல். இவ்விரண்டில் ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் படகு கெடும்.

3. தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் படகைக் காலி செய்ய வேண்டும். வலை, நங்கூரம், துடுப்பு, பாய்மரம், அடிபாரக் கற்கள், கழற்றக்கூடிய எஞ்சின், எண்ணெய்ப் பீப்பாய், மின்கலம் யாவையும் இறக்கிவிட வேண்டும். பெட்ரோலோ டீசலோ உள்ள படகைக் கொட்டகைக்குள் கொண்டு செல்லலாகாது.

அடுத்து, உள்நீரை இறைக்க வேண்டும். இதைச் சிலர் அற்பமாக எண்ணுகின்றனர். 20 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள அடிப்பரப்பில் 3 அங்குலம் நீர் நின்றால் அது 20 கன அடியாகும். ஒரு கன அடி நீர் சுமார் 28 கிலோ. ஆகவே அந்த நீர் மாத்திரம் 560 கிலோ ஆகிறது. மேலும் படகு சற்றே சாய்ந்தாலும் நீர் முழுவதும் அப்பக்கம் ஓடி, படகைக் கவிழ்த்துவிடும். கயிறு அறுவதற்கும் ஆட்கள் அடிபடுவதற்கும் இதுவே பலமுறை காரணமாகிறது.

பிறகு எடையை மதிப்பிட வேண்டும். படகு கட்டிய தச்சரையோ, அனுபவமுள்ள ஓட்டிகளையோ கேட்டு, அவர்கள் சொல்லும் அளவுகளில் மிகப் பெரியதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நீரில் ஊறிய மரம் உலர்ந்த மரத்தைவிடக் கனமானது என்பதை மறக்கலாகாது.

கைகளால் தூக்குவதாயின், ஆள் ஒன்றுக்கு 25 கிலோவுக்கு மேல் கணக்கிடக்கூடாது. 600 கிலோப் படகுக்கு 24 பேர் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ‘ஒரு மூச்சில்’ தூக்கிவிடலாம் என்பது முதுகெலும்பைப் பணயம் வைப்பதாகும். வேலை தொடங்குமுன் ஒருவரைத் தலைவராக நியமித்து, கட்டளை அவர் ஒருவர் வாயிலிருந்து மாத்திரமே வரும்படி செய்ய வேண்டும். ‘நில்’ என்னும் சொல்லை மட்டும் யாரும் சொல்லலாம்; சொன்னவர் சிறுவரே ஆயினும் அனைவரும் உடனே நிற்க வேண்டும்.

4. கட்டித் தூக்குதல்

கப்பியாலோ சங்கிலிக் கப்பியாலோ தூக்கும்போது படகின் அடியில் இரண்டு அகன்ற பட்டைகளைச் செலுத்த வேண்டும். மெல்லிய கயிறும் இரும்புச் சங்கிலியும் பலகையை வெட்டும். ஆகவே அவை மரத்தைத் தொடலாகாது. பட்டை எங்கே அமர வேண்டும் என்பது முக்கியம். முன்முனையாகிய அணியத்திலிருந்து படகின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே ஒன்றும், பின்முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு உள்ளே மற்றொன்றும் அமையுமாயின், சீரான பாரமுள்ள படகு மிகக் குறைவாக வளையும். பின்புறம் எஞ்சின் நிலையாகப் பொருத்தப்பட்ட படகுக்குப் பின்பட்டையை இன்னும் சிறிது பின்னே தள்ள வேண்டியிருக்கும். எவ்வாறாயினும், பட்டை வங்கு உள்ள இடத்தில் அமர வேண்டுமேயன்றி, வெறும் பலகையின்மேல் அமரலாகாது. சுக்கானையும் எஞ்சின் தண்டையும் அது தொடவும் கூடாது. பட்டைகள் முனைகளை நோக்கி வழுகாதவாறு இரண்டையும் ஒரு கயிற்றால் இணைத்துவிட வேண்டும்.

இனி, பலரும் அறியாத கணக்கு ஒன்று உண்டு. ஒரு கொக்கியிலிருந்து இரு பக்கமும் இறங்கும் பட்டை 1000 கிலோவைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். இரு பக்கங்களும் நேர்க்குத்தாக இறங்கினால் ஒவ்வொன்றிலும் 500 கிலோ இழுப்பு உண்டாகும். இரண்டிற்கும் இடையே 60 பாகைக் கோணம் இருந்தால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ. 90 பாகையானால் 707 கிலோ. 120 பாகையானால் 1000 கிலோ. கொக்கி படகுக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பட்டையின் பாரம் ஏறுகிறது. அதனோடு, பட்டை படகின் இரு விளிம்புகளையும் உட்பக்கமாக நெருக்குகிறது. 120 பாகையில் அந்நெருக்கம் 866 கிலோ ஆகும். எந்தப் படகின் விளிம்பும் இதைத் தாங்கச் செய்யப்பட்டதன்று.

ஆகவே கடைப்பிடிக்க வேண்டிய விதி: பட்டை விளிம்பைத் தொடும் இரு இடங்களுக்கும் உள்ள தூரம் எவ்வளவோ, அதற்குக் குறையாத நீளம் கொக்கியிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இருக்க வேண்டும். அப்போது கோணம் 60 பாகைக்கு மிகாது. இதனினும் சிறந்தது, படகின் அகலத்தைவிடச் சற்று நீண்ட உறுதியான குறுக்குத்தடி ஒன்றை மேலே வைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் பட்டையை நேர்க்குத்தாக இறக்குதல். விளிம்பு நெருக்கப்படாமல் காப்பதற்கு இதைவிட எளிய உபாயம் இல்லை.

பட்டையிலும் சங்கிலிக் கப்பியிலும் குறித்துள்ள பார அளவைப் பார்த்தே உபயோகிக்க வேண்டும். அளவு அழிந்துபோன பட்டையையும், ஓரம் கிழிந்த பட்டையையும் விலக்க வேண்டும். முடிச்சிட்ட கயிறு தன் வலிமையில் பாதிவரை இழந்துவிடும். கொட்டகையின் கூரை விட்டத்தில் கப்பியை மாட்டுவது பெருந்தவறு. அவ்விட்டம் கூரையைத் தாங்கவே போடப்பட்டது. தூக்குவதற்கென்று தனிக்கால்களும் தனி விட்டமும், தகுதியுள்ளவர் கணக்கிட்டபடி அமைக்கப்பட வேண்டும்.

எல்லாம் கட்டிய பின் அரையடி மட்டும் உயர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு முனை தாழ்ந்தால் இறக்கிவிட்டுப் பட்டையை மாற்றிக் கட்ட வேண்டுமேயன்றி, ஆட்களை ஏற்றிச் சமன் செய்யலாகாது. தொங்கும் படகின் கீழ் ஒருவரும் தலையையோ கையையோ நீட்டக்கூடாது. கட்டையை வைக்க வேண்டுமானால் நீண்ட கழியால் தள்ளி வைக்க வேண்டும். பலகை உடைந்தால் வேறு பலகை போடலாம். நசுங்கிய கைக்கு வேறு கை இல்லை.

5. உருளைகளின்மேல் இழுத்தல்

பெரும்பாலான ஊர்களில் கப்பித் தூக்கி கிடையாது. கரையில் உருளைகளைப் போட்டு இழுப்பதே வழக்கம். இம்முறையும் நல்லதே. வழி நேராகவும், கல் வேர் முதலியன இன்றியும், சரிவு பத்துக்கு ஒன்றுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 2000 கிலோப் படகைப் பத்துக்கு ஒன்று சரிவில் ஏற்ற, சரிவுக்காக மட்டும் 200 கிலோ இழுப்பு வேண்டும், உராய்வுக்கு வேறு. சரிவு ஐந்துக்கு ஒன்றானால் இழுப்பு ஏறக்குறைய இருமடங்காகும்.

படகின் அடிநடுக்கட்டையாகிய ஏரா உருளைகளின்மேல் செல்ல வேண்டும்; பலகைகள் செல்லலாகாது. ஏரா இல்லாத தட்டை அடிப் படகுகளுக்குக் கட்டைகளால் ஒரு சறுக்குச் சட்டம் செய்து, அதன்மேல் படகை அமர்த்தி, சட்டத்தையே இழுப்பது நலம். இழுகயிற்றை அணியத்து வளையத்தில் மட்டும் கட்டினால் முழு இழுப்பும் அங்கே விழுந்து இணைப்பு நெகிழும். படகைச் சுற்றி ஒரு பெருங்கயிற்றை வளைத்து, அதில் இழுகயிற்றைக் கட்டினால் இழுப்பு எங்கும் பரவும்.

இழுகயிற்றோடு தடுகயிறு ஒன்றும் இருக்க வேண்டும். அதன் ஒரு முனையைப் படகிலும், மறுமுனையை மேட்டிலுள்ள உறுதியான மரத்திலோ தூணிலோ இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியும் வைக்க வேண்டும். படகு ஏற ஏற ஒருவர் தளர்வை வாங்கிக்கொண்டே வரவேண்டும். இழுகயிறு அறுந்தாலும் படகு பின்னே ஓடாது. படகின் பின்புறம் தாழ்வான பக்கத்தில் ஒருவரும் நிற்கலாகாது. இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டிலும் நிற்கலாகாது. அறுந்த கயிறு திரும்பிவந்து அடிக்கும் வேகம் எலும்பை முறிக்கும். உருளை எடுத்து முன்னே போடுபவர் படகு நின்ற பின்னரே குனிய வேண்டும்.

6. கொட்டகை

கொட்டகை வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் பம்பைக் கரையூர்களையும் மூழ்கடித்தது. வெள்ளம் கொட்டகைக்குள் புகுந்தால் படகு கட்டைகளை விட்டு மிதந்து, கூரையில் மோதி, நீர் வடியும்போது கோணலாக அமர்ந்து முறியும். ஆகவே ஊர்ப் பெரியோர் அறிந்த உயர்ந்த வெள்ள மட்டத்தைக் கொட்டகைத் தூணில் குறித்து வைக்க வேண்டும். அம்மட்டத்துக்கு மேல் இடம் அமையாத ஊர்களில், மழைக்காலத்தில் படகின் இரு முனைகளையும் தளர்ந்த கயிற்றால் தூண்களில் கட்டி வைக்க வேண்டும்.

கூரை ஓலையாயினும் ஓடாயினும் தகரமாயினும் ஒழுகாதிருத்தல் வேண்டும். தகரக் கூரை வெயிலில் மிகச் சூடேறும். அதன்மேல் ஓலை வேய்ந்தால் சூடு தணியும். இறவாரம் நீண்டு, சாரல் படகின்மேல் படாதவாறு இருக்க வேண்டும். பக்கங்களை முழுதும் அடைத்துவிடலாகாது. கீழே ஓரடியும் மேலே ஓரடியும் திறந்திருந்தால் காற்று படகின் அடியில் புகுந்து மேலே வெளியேறும். தரை மண்ணாக இருப்பதே மரப்படகுக்கு ஏற்றது. அது சிறிது ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்து, மரம் மிகையாக உலராமல் தடுக்கும். ஆனால் நீர் தேங்கும் சேற்றுத் தரை கூடாது. சுற்றிலும் வடிகால் வெட்ட வேண்டும்.

படகைப் பிளாஸ்டிக் விரிப்பால் இறுகப் போர்த்துவது நன்மைபோல் தோன்றும் தீமையாகும். மரத்திலிருந்து எழும் ஈரம் விரிப்பின் உட்புறத்தில் துளியாகி, மறுபடியும் மரத்திலேயே விழும். போர்த்த வேண்டியிருந்தால் படகுக்கு மேல் கழிகளைக் கட்டி, விரிப்பு மரத்தைத் தொடாமலும், இரு முனைகளும் திறந்தும் இருக்கும்படி செய்ய வேண்டும்.

7. தாங்கு கட்டைகள்

படகைப் பட்டையிலேயே மாதக் கணக்கில் தொங்கவிடுதல் கூடாது. பட்டை பட்ட இடம் உட்குழியும், முனைகள் தொய்யும். கட்டைகளின்மேல் இறக்கி வைப்பதே முறை.

பாரத்தை ஏரா தாங்க வேண்டும்; பக்க முட்டுகள் படகு சாயாதவாறு பிடித்துக்கொள்ள மட்டுமே. முட்டுகளை ஆப்பு அடித்து இறுக்கினால் பாரம் பலகைக்கு மாறி, பலகை உட்புறம் வளையும். ஏராவின் கீழ் நான்கு அல்லது ஐந்து அடிக்கு ஒரு கட்டை வைக்க வேண்டும். கட்டைகளின் மேல்முகம் யாவும் ஏராவின் வடிவத்துக்கு இசைந்த மட்டத்தில் இருக்க வேண்டும். நூல் பிடித்துப் பார்த்துச் சரி செய்யலாம். ஒரு கட்டை தாழ்ந்தால் அது இருந்தும் பயனில்லை. ஒரு கட்டை உயர்ந்தால் பாரம் முழுவதும் அதன்மேலாகும்.

நடுவில் மட்டும் தாங்கி முனைகளை விட்டால், முனைகள் தாழ்ந்து படகு முதுகு வளையும். முனைகளில் மட்டும் தாங்கினால் நடு தொய்யும். படகு நீள நீள இத்தீங்கு மிக விரைந்து வளர்கிறது. ஒரே கனமுள்ள உத்தரத்தின் தாங்கலற்ற நீளத்தை இருமடங்காக்கினால், அதன் தொய்வு இருமடங்காவதில்லை, 16 மடங்காகிறது. 100 அடி நீளமுள்ள பள்ளியோடத்துக்கு நெடுகிலும் தாங்கல் வேண்டியிருப்பதும், 15 அடி ஓடத்துக்கு மூன்று கட்டை போதுமாயிருப்பதும் இதனாலேயே. ஸ்வீடன் நாட்டில் 1628இல் மூழ்கி 1961இல் மீட்கப்பட்ட வாஸா என்னும் மரக்கப்பல், கூரையின் கீழ் மிகுந்த கவனத்துடன் வைக்கப்பட்டிருந்தும், தன் பாரத்தாலேயே தாங்கல்களின்மேல் சிறிது சிறிதாக உருமாறுவதை அளவைகளால் கண்டறிந்தனர். அதனால் அதற்குப் புதிய தாங்கல் அமைக்க ஏற்பாடாயிற்று. அரண்மனைக் கப்பலுக்கு நேர்வது ஊர் ஓடத்துக்கும் நேரும்.

கட்டைகள் நேரே மண்ணில் இருக்கலாகாது. கல்லோ செங்கல்லோ அடியில் வைத்து அதன்மேல் வைத்தால் கறையான் ஏறும் பாதை கண்ணுக்குத் தெரியும். சிறு ஓடங்களைக் கவிழ்த்து இரண்டு தாங்கிகளின்மேல் வைக்கலாம். கவிழ்த்த படகில் மழைநீர் தங்காது. ஆனால் அதன் விளிம்பு தரையைத் தொடக்கூடாது.

8. கொட்டகையில் இருக்கும் காலம்

படகு கொட்டகைக்கு வந்த அன்றே நல்ல நீரால் சேறும் பாசியும் மீன் செதிளும் போகக் கழுவ வேண்டும். அடித்துளையின் தக்கையைக் கழற்றி, தொலையாதவாறு அணியத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். தட்டுப்பலகைகளைத் தூக்கி நிறுத்தி, அறைகளின் மூடிகளைத் திறந்து வைக்க வேண்டும். காற்று புகாத மூலையிலேயே உளுப்புத் தொடங்கும்.

எண்ணெய் பூசுவதும் வர்ணம் தீட்டுவதும் மரம் உலர்ந்த பிறகே. ஈர மரத்தின்மேல் வர்ணம் தீட்டினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு உளுப்பை வளர்க்கும். எண்ணெய் பூசிய துணிகளைக் குவித்து வைப்பது பேராபத்து. மீனெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் காற்றுப்பட்டு உலரும்போது சூடு உண்டாகும். குவியலில் அச்சூடு வெளியேற வழியின்றி, நெருப்பு வைப்பாரின்றியே துணி பற்றிக்கொள்ளும். துணிகளை விரித்து வெளியே உலர்த்தவோ, நீருள்ள வாளியில் இடவோ வேண்டும்.

கயிற்றால் தைத்த வள்ளங்களில் தையலைத் தனியே ஆராய வேண்டும். கேரளத்துக் கெட்டுவள்ளங்கள் ஆணியின்றித் தேங்காய் நார்க்கயிற்றால் பிணைக்கப்பட்டவை. பலகை நன்றாக இருந்தும் கயிறு நைந்துபோனால் படகு நிலைக்காது.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை நான்கு: கூரை ஒழுக்கு, உள்நீர், கறையான் மண், கட்டைகளின் நிலை. ஆண்டுக்கு ஒருமுறை ஏராவின் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்து, நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். சென்ற ஆண்டின் அளவோடு ஒப்பிட்டால் படகு வளைகிறதா இல்லையா என்பது ஐயமின்றித் தெரியும். கூரிய ஊசியால் வங்கின் அடிகளைக் குத்திப் பார்த்தால் உளுத்த இடம் எளிதில் இடம் கொடுக்கும்.

9. மீண்டும் நீரில் இறக்குதல்

உலர்ந்த படகின் இணைப்புகள் விரிந்திருக்கும். அதைக் கண்டு அஞ்சி, இடைவெளி முழுவதிலும் பஞ்சையும் குங்கிலியத்தையும் இறுகத் திணித்துவிடுவோர் உண்டு. இது தவறு. பலகை நீரில் ஊறிப் பெருக்கும்போது இடமின்றி ஒன்றையொன்று நெருக்கும், ஆணிகள் பிடுங்கப்படும், வங்கு முறியும். பழைய கலப்பற்று கழன்ற இடங்களை மட்டும் மிதமாக அடைக்க வேண்டும்.

இறக்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே ஈரச் சாக்குகளை உள்ளே பரப்பி, காலையும் மாலையும் நனைத்துவர வேண்டும். கொட்டகையில் படகுக்குள் நீரை நிரப்பி ஊறவைப்பது கூடாது. நீர்ப்பாரம் முழுவதும் கட்டைகளின்மேல் விழுந்து படகை உடைக்கும். இறக்கிய பின், பட்டைகளைக் கழற்றாமலோ, ஆழமற்ற நீரிலோ ஓரிரு நாள் நிறுத்தி, ஒழுக்கு நிற்கும்வரை இறைத்துவர வேண்டும். ஒழுக்கு நின்ற பின்னரே பாரம் ஏற்றலாம், ஆட்களையும் ஏற்றலாம்.

10. பொறுப்பு

மேற்கூறிய முறைகளில் அரியது ஒன்றுமில்லை. பெரும் பொருட்செலவும் இல்லை. ஆயினும் பொதுப் படகுகள் கெடுகின்றன. காரணம் அறியாமை மட்டுமன்று. ஒரு சங்கம் தன் ஓடத்தைக் கொட்டகையில் ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். முதலாம் வருஷம் கூரையில் ஓர் ஓலை நழுவுகிறது. ‘அடுத்தவர் பார்ப்பார்’ என்று ஒவ்வொருவரும் கடந்து செல்கின்றனர். இரண்டாம் வருஷம் அத்துளையின் கீழ் வங்கு கறுக்கிறது. மூன்றாம் வருஷம் தச்சர் வந்து, ஐந்து வங்கும் எட்டுப் பலகையும் மாற்ற வேண்டும் என்கிறார். சங்கத்தில் அவ்வளவு பணம் இல்லை. ஓடம் விறகாகிறது, துறையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் நெடுவழி சுற்றி நடக்கின்றனர். ஓர் ஓலையின் விலை எவ்வளவு என்பதை அப்போது கணக்கிட்டுப் பயனில்லை.

ஆகவே நிர்வாகக் கமிட்டி மூன்று தீர்மானங்களைச் செய்துகொள்வது அவசியம். முதலாவது, படகுக் காவலுக்கு ஓர் அங்கத்தினரைப் பெயர் குறிப்பிட்டு நியமித்து, முறைவைத்து ஆண்டுதோறும் மாற்றுதல். எல்லாருடைய பொறுப்பு என்று விட்டது ஒருவருடைய பொறுப்பும் ஆகாது. இரண்டாவது, கொட்டகையில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, பார்த்த தேதி, கண்ட குறை, செய்த பரிகாரம், கையொப்பம் ஆகிய நான்கையும் எழுதச் செய்தல். காரியதரிசி அதை மாதந்தோறும் கமிட்டி முன் வைத்தல். மூன்றாவது, படகின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்பு நிதியாக ஒதுக்கி, வேறெதற்கும் அதைத் தொடாதிருத்தல்.

பம்பைக் கரையார் தங்கள் பள்ளியோடத்தைக் கரையின் மானமாகக் கருதுகின்றனர். விழா நாளில் அது மிடுக்குடன் நீரைக் கிழித்துச் செல்வதை ஆயிரக்கணக்கானோர் காண்கின்றனர். ஆண்டின் மற்ற நாட்களில், கொட்டகையின் நிழலில், எண்ணெய்க் கையுடன் அதைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. அச்சிலர் உள்ளவரைக்கும் படகு உண்டு.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் படகின் எடை எவ்வளவு? அதைக் கைகளால் தூக்க எத்தனை பேர் வேண்டும்?

2. நாம் உபயோகிக்கும் பட்டையும் கப்பியும் எவ்வளவு பாரத்துக்கு ஏற்றவை? அவற்றைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?

3. நம் கொட்டகை வெள்ள மட்டத்துக்கு மேல் உள்ளதா? கூரை எங்கே ஒழுகுகிறது?

4. ஏராவின் கீழ் எத்தனை கட்டைகள் உள்ளன? எல்லாம் பாரம் தாங்குகின்றனவா?

5. இவ்வாரம் படகைப் பார்த்தவர் யார்? அவர் எழுதி வைத்தது என்ன?